17 நாள், 26 நாள், 59 நாள்: விண்டோஸ் 10 கணினிக்கு இனி எந்த வழி?

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனது. நின்ற மறுநாள் எதுவும் நடக்கவில்லை. கணினி ஓடுகிறது, பிரவுசர் திறக்கிறது, பிரிண்டர் அச்சடிக்கிறது. 'நல்லாத்தானே இருக்கு' என்று அப்படியே விட்டுவிடத் தோன்றும். அதுவும் ஒரு வழிதான். அதையும் சேர்த்து ஐந்து வழிகளை இங்கே எடைபோடுகிறோம். வேகம், அழகு, வசதி எல்லாம் பிறகு. முதல் எடைக்கல் கணினிப் புழு.

வைரஸ் பரவ யாராவது ஒரு ஃபைலைத் திறக்க வேண்டும். நெட்வொர்க் புழுவுக்கு அந்தத் தயவு தேவையில்லை. இயங்குதளத்தில் ஓட்டை இருந்து, அந்தக் கணினி நெட்வொர்க்கில் எட்டும் தூரத்தில் இருந்தால் போதும். உட்கார்ந்திருப்பவர் எதையும் தொடாமலே உள்ளே வந்து, அங்கிருந்து அடுத்த கணினியைத் தேடும். 'சந்தேகமான லிங்க் எதையும் நான் தொடுவதில்லை' என்ற ஒழுக்கம் இங்கே உதவாது. ஓட்டையை அடைப்பதுதான் வழி, அடைக்கும் ஒட்டுதான் அப்டேட்.

பெரிய புழுக்களின் தேதிகளைக் கவனியுங்கள். பிளாஸ்டர் பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் ஒட்டு வெளியிட்டது 2003 ஜூலை 16. புழு வந்தது ஆகஸ்ட் 11. இடைவெளி 26 நாள். சாஸர் புழுவுக்கான ஒட்டு 2004 ஏப்ரல் 13, புழு ஏப்ரல் 30: 17 நாள். வான்னாக்ரைக்கான ஒட்டு 2017 மார்ச் 14, புழு மே 12: 59 நாள். மூன்றிலும் மருந்து முதலில் வந்தது, நோய் பிறகு வந்தது. வான்னாக்ரை என்றதும் பழைய எக்ஸ்பி கணினிகள்தான் மாட்டின என்று இன்றும் சொல்கிறார்கள். மாட்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அப்போது அதற்குப் பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டிருந்தது, ஒட்டும் இரண்டு மாதமாகக் காத்திருந்தது. போடவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஒவ்வொரு வழியிடமும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். ஒட்டு வருகிறதா? வந்த ஒட்டு இரண்டு வாரத்துக்குள் உங்கள் கணினியில் உண்மையிலேயே ஏறிவிடுகிறதா?

முதலில், இப்போதைய நிலை

விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தைச் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் வின்வெர் (winver) என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 என்றால் பில்ட் எண் 19045 என்று தொடங்கும். புள்ளிக்குப் பின்னால் 6456 என்றிருந்தால் 2025 அக்டோபரில் வந்த கடைசி இலவச அப்டேட்டோடு நிற்கிறீர்கள். அதைவிடக் குறைவு என்றால் இலவசமாகக் கிடைத்ததே முழுதாக ஏறவில்லை; வேறு எதையும் யோசிக்கும் முன் அதை ஏற்றுங்கள். 19045-க்கும் கீழே இருந்தால் முதலில் 22எச்2-க்கு வர வேண்டும்.

அசெம்பிள் செய்து வாங்கிய கணினியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 'அப்டேட் வந்தா ஸ்லோ ஆயிடும்' என்று சொல்லி, விண்டோஸ் அப்டேட் சர்வீஸையே அணைத்துக் கொடுக்கும் பழக்கம் சில கடைகளில் உண்டு. வீட்டுக் கணினியின் அப்டேட் பக்கத்தில், சில செட்டிங்குகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற பொருளில் சிவப்பு வரி ஒன்று தெரிந்தால், யாரோ கொள்கை விதி போட்டு நிறுத்தியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட் டிசேபிள்டு என்றிருந்தாலும் அதே கதை. திருட்டு ஆக்டிவேட்டர் போட்ட கணினி என்றால் விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலையும் திறந்து பாருங்கள். ஆக்டிவேட்டருக்காக ஒரு ஃபோல்டரை ஆன்டிவைரஸ் பார்வையிலிருந்து விலக்கி வைத்திருப்பார்கள். அந்தக் கதவு எல்லோருக்கும்தான் திறந்திருக்கிறது. 'லைட்' என்று வெட்டிச் சுருக்கிய விண்டோஸ் என்றால் சரிசெய்ய முயல வேண்டாம், புதிதாகப் போடுவதே மேல்.

வழி ஒன்று: அப்படியே விட்டுவிடுவது

இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது.

ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்பது முதலாவது. விண்டோஸ் 10-இல் உள்ள டிஃபெண்டருக்கு 2028 அக்டோபர் வரை புதிய அடையாளப் பட்டியல் வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அது உள்ளே வந்த திருடனின் முகத்தைப் பார்த்து அடையாளம் காணும் வேலை. உடைந்த தாழ்ப்பாளை மாற்றும் வேலையை அது செய்யாது.

இரண்டாவது, ரவுட்டர். வீட்டுக் கணினிகளை ஒரே இணைய முகவரிக்குப் பின்னால் வைக்கும் ரவுட்டரின் நேட் அமைப்பு வெளியிலிருந்து கேட்காமல் வரும் இணைப்பை நிறுத்திவிடும். பிளாஸ்டர் காலத்தில் பல வீடுகளில் மோடம் நேரடியாகக் கணினியில் செருகப்பட்டிருந்தது. விண்டோஸ் ஃபயர்வாலும் 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-இல்தான் தானாகவே இயங்கத் தொடங்கியது. அந்த நாளோடு ஒப்பிட்டால் இன்று நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனால் நேட் காப்பது வாசலை மட்டும். ஹாஸ்டல் வைஃபையில் புழு பிடித்த லேப்டாப் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் அது வாசலுக்கு உள்ளே நிற்கிறது. கேமரா பார்க்கவோ விளையாட்டுக்கோ யாராவது போர்ட் ஃபார்வர்டிங் (வெளி இணைப்பை உள்ளே விடும் ரவுட்டர் விதி) போட்டிருந்தால் வாசலிலேயே துளை. ரவுட்டர் பக்கத்தில் 445, 3389 என்ற எண்கள் திறந்திருந்தால் உடனே நீக்குங்கள்: முதலாவது ஃபைல் பகிர்வு, வான்னாக்ரை வந்த வழி, இரண்டாவது ரிமோட் டெஸ்க்டாப். புதிய இணைய முகவரி முறையான ஐபிவி6 இணைப்பில் நேட்டே பெரும்பாலும் கிடையாது. ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, 'பெரிய ஆபத்து என்றால் பழசுக்கும் ஒட்டு கொடுப்பார்கள்' என்ற நம்பிக்கை. கொடுத்திருக்கிறார்கள். 2019 மே மாதம் புளூகீப் ஓட்டைக்கு எக்ஸ்பிக்கும் ஒட்டு வந்தது, புழு எதுவும் வருவதற்கு முன்பே. ஆனால் 2017-இல் வான்னாக்ரைக்கான எக்ஸ்பி ஒட்டு எல்லோருக்கும் கிடைத்தது புழு உலகைச் சுற்றத் தொடங்கிய பிறகு. இதை நம்பி இருப்பது சீட்டாட்டம்.

இவற்றையெல்லாம்விடக் கனமான ஒரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-உம் 11-உம் ஒரே வம்சம்; உள்ளே பொதுவான நிரல் ஏராளம். 11-க்கு ஒட்டு வெளியானதும், ஒட்டுக்கு முந்திய ஃபைலையும் பிந்திய ஃபைலையும் ஒப்பிட்டு ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பது தாக்குபவர்களின் வழக்கமான வேலை. அதாவது அடுத்த வீட்டுக்குப் போடும் ஒவ்வொரு ஒட்டும் உங்கள் வீட்டு ஓட்டைக்கு வரைபடம். மாதம் ஒன்று ஏற ஏற இந்த வழியின் மதிப்பு இறங்கிக்கொண்டே போகும்.

வழி இரண்டு: ஈஎஸ்யூ

நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட், சுருக்கமாக ஈஎஸ்யூ. வீட்டுப் பயனாளருக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்திருக்கிறார்கள். புதிய வசதி எதுவும் வராது. பாதுகாப்பு ஒட்டு மட்டும் வரும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

சேர மூன்று பாதைகள்: மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸ் பேக்கப் மூலம் செட்டிங்ஸை ஒத்திசைத்தால் இலவசம்; 1000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் இருந்தால் அதைக் கொடுக்கலாம்; இல்லையென்றால் 30 டாலர் அல்லது அதற்கு ஈடான உள்ளூர்ப் பணம், வரி தனி. ஒரு உரிமத்தை அதே கணக்கில் 10 கணினிகள் வரை பயன்படுத்தலாம் என்பதால் அண்ணன் லேப்டாப், அப்பா டெஸ்க்டாப் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கே போதும்.

செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, விண்டோஸ் அப்டேட் என்று போனால் வலப்புறமோ கீழேயோ என்ரோல் நவ் என்ற இணைப்பு தெரியும். தெரியாமல் போவதற்கான காரணங்கள் பெரும்பாலும் இவை: பதிப்பு 22எச்2 அல்ல, 2025 ஆகஸ்டுக்குப் பிந்திய அப்டேட்கள் ஏறவில்லை (சேரும் பக்கமே திறந்து மூடிக்கொண்ட கோளாறை ஆகஸ்ட் அப்டேட்தான் சரிசெய்தது), நுழைந்திருப்பது நிர்வாகி கணக்கு அல்ல, அல்லது குழந்தைக் கணக்கு. இலவசப் பாதையில் தயங்குபவர்களுக்கு ஒரு சொல்: செட்டிங்ஸ் ஒத்திசைவு போதும். படங்கள், டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர்களையும் ஏற்றச் சம்மதித்துவிட்டால் ஒன்டிரைவின் இலவச 5 ஜிபி சீக்கிரமே நிரம்பி, பணம் கட்டச் சொல்லி நச்சரிக்கும். அவற்றை அணைத்துவிடுங்கள்.

தாமதமாகச் சேர்ந்தாலும் இடையில் வந்த ஒட்டுகள் எல்லாம் கிடைக்கும். ஆனால் சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அப்டேட்டை ஓட்டி, மறுபடி வின்வெர் பாருங்கள். 6456-ஐத் தாண்டியிருந்தால்தான் ஒட்டு வருகிறது என்று பொருள்.

இது தள்ளிப்போடும் வழி, அதில் சந்தேகமில்லை. தள்ளிப்போடுவது தப்பும் அல்ல. பள்ளி ஆண்டு முடியும்வரை, புதுக் கணினிக்குப் பணம் சேரும்வரை, கணக்கு வேலை முடியும்வரை என்று தெளிவான காரணம் இருந்தால் ஐந்தில் மிகக் குறைந்த உழைப்பில் மிக அதிகப் பயன் தருவது இதுதான். இன்று ஒன்றும் முடிவெடுக்க முடியவில்லை என்றால்கூட இதைச் செய்துவிட்டு யோசியுங்கள்.

வழி மூன்று: விண்டோஸ் 11

இதற்குத் தேவையான பிராசசர்: இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை, ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை முதல். கூடவே டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சிப்), யூஇஎஃப்ஐ (கணினி தொடங்கும் புதிய முறை), செக்யூர் பூட் (தொடங்கும்போது நம்பகமான நிரலை மட்டும் ஓடவிடும் அமைப்பு), 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம். காகிதத்தில் 4 ஜிபி. உண்மையில் 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இல்லாமல் ஏற்றினால் தினமும் வருந்துவீர்கள். பழைய சுழல் ஹார்ட் டிஸ்க்கில் அப்டேட் ஏறவே மணிக்கணக்காகும். அப்படியானால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியும்: யாராவது அப்டேட்டை அணைத்துவிடுவார்கள்.

'உங்கள் கணினி தகுதியற்றது' என்று வந்தவுடன் கைவிட வேண்டாம். பல போர்டுகளில் டிபிஎம் இருக்கும், பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) அணைந்திருக்கும். இன்டெல் போர்டில் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி இயக்குங்கள். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்ட கணினி என்றால் பயோஸைத் தொடும் முன் அதைத் தற்காலிகமாக நிறுத்தி, ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அசெம்பிள் கணினிகளில் சிக்கல் வரும் இடம் வேறு. விண்டோஸ் பழைய எம்பிஆர் முறையில் (டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய அமைப்பு; யூஇஎஃப்ஐ-க்கு ஜிபிடி என்ற புதிய அமைப்பு வேண்டும்) போடப்பட்டிருக்கும். அந்த நிலையில் பயோஸில் லெகசியை யூஇஎஃப்ஐ என்று மாற்றினால் கணினி பூட் ஆகாது. பதற வேண்டாம், பழையபடி மாற்றினால் திரும்பிவிடும். சரியான வரிசை இது: பேக்கப் எடுத்து, விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி (mbr2gpt) கருவியை முதலில் சோதனை முறையில் ஓட்டி, தேறினால் மாற்றி, அதன் பிறகே பயோஸுக்குப் போக வேண்டும். சோதனையில் தோற்றால் பெரும்பாலும் பார்ட்டிஷன் பிரித்த விதம்தான் காரணம். அந்தக் கருவிக்கு மூன்று பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு மேல் ஆகாது, எக்ஸ்டெண்டட், லாஜிக்கல் பார்ட்டிஷன் அறவே ஆகாது. சி, டி, ஈ, எஃப் என்று நான்காகப் பிரித்துக் கொடுத்த டிஸ்க்கில் இது கட்டாயம் இடிக்கும். டேட்டாவை வெளியே எடுத்துவிட்டு முழுதாகப் புதிதாகப் போடுவதே அங்கே குறைந்த தலைவலி.

ஏற்றியபின் பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம். அதற்குள் டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்துவிட்டால் திரும்பும் பாதையும் போய்விடும்.

தகுதியில்லாத கணினியில் சோதனையைத் தாண்டி 11-ஐ ஏற்றும் வித்தைகள் இணையம் முழுக்க இருக்கின்றன. நடைமுறையில் மாதாந்திர ஒட்டுகள் வருவதைப் பலரும் பார்க்கிறார்கள். ஆனால் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. ஆண்டுக்கொரு புதிய பதிப்பும் இந்தக் கணினிகளுக்குத் தானாக வராது. ஹோம், ப்ரோ பதிப்பு ஒவ்வொன்றின் ஆயுளும் 24 மாதம்: 24எச்2-க்கு 2026 அக்டோபர் 13, 25எச்2-க்கு 2027 அக்டோபர் 12. கெடு முடியும் முன் புதிய பதிப்பின் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கிக் கையால் ஏற்றத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் சரி. ஏற்றிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடும் மருமகனை நம்பி இதில் இறங்க வேண்டாம். கோர் 2 டுவோ காலத்துக் கணினியில் 24எச்2 பூட்டே ஆகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வழி நான்கு: லினக்ஸ் மின்ட்

பிரவுசர், யூடியூப், மின்னஞ்சல், கடிதம் அடிப்பது. கணினியின் வேலை இவ்வளவுதான் என்றால், தகுதியில்லாத பழைய கணினிக்கு விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இந்த இலவச இயங்குதளமே நேர்மையான பதில். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. டிபிஎம் கேட்காது, 4 ஜிபி ராமில் மூச்சு வாங்காது. அப்டேட் மேனேஜரில் ஆட்டோமேஷன் பகுதிக்குப் போய்த் தானாக ஏற்றும்படி ஒரு முறை வைத்துவிடுங்கள். தானாக நடக்கும் என்று விட்டால் நடக்காது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் அப்டேட்டுக்கு மட்டும் ரீஸ்டார்ட் வேண்டும். ஃபயர்வாலும் தொடக்கத்தில் அணைந்திருக்கும், மெனுவில் ஃபயர்வால் என்று தேடி ஒரே தட்டில் இயக்கலாம்.

ஒத்துவராத இடங்களை முன்னமே சொல்லிவிடுவது நல்லது. டாலி ஓடும் கணினி, ஜிஎஸ்டி தாக்கலுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகும் கணினி இரண்டையும் விண்டோஸிலேயே விடுங்கள். கேனன் எல்பிபி 2900 பிரிண்டர் இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். லினக்ஸில் அதன் டிரைவர் நெடுநாள் தொல்லை. தமிழ் தட்டச்சுக்கு என்எச்எம் ரைட்டர் வராது, ஐபஸ் என்ற லினக்ஸ் தட்டச்சுக் கருவி மூலம் தமிழ்99 கிடைக்கும். தமிழ்99 பழகியவருக்கு ஐந்து நிமிட வேலை, பாமினியில் கை ஊறியவருக்குச் சிரமம்தான். ஏற்றும் முன் பென்டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டி வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் சோதித்துப் பாருங்கள்.

வழி ஐந்து: இணையத்தைத் துண்டிப்பது

பழைய ஸ்கேனர், பழைய எம்பிராய்டரி இயந்திரம், குழந்தைகளின் விளையாட்டு என்று ஒரே வேலைக்கு நிற்கும் கணினிக்கு இது போதும். ஆனால் துண்டித்த கணினிக்கு எதிரி பென்டிரைவ். ஜெராக்ஸ் கடையில் செருகி எடுத்துவந்ததும் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும் கோளாறைப் பார்க்காதவர் குறைவு. புழு உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கிறது. நாம் அதை இருமுறை தட்டும்போது ஓடுகிறது. இங்கே ஓட்டை எதுவும் பயன்படவில்லை, நம் விரல்தான் பயன்படுகிறது. ஆகவே எந்த அப்டேட்டும் இதை முழுதாகத் தடுக்காது, மேலே சொன்ன வழிகளில் விண்டோஸிலேயே இருப்பவர் எல்லோருக்கும் இது பொருந்தும். ஃபைல் எக்ஸ்டென்ஷனையும் மறைந்த ஃபைல்களையும் காட்டும்படி வையுங்கள். கடைக்கு எடுத்துப்போக அச்சடிக்க வேண்டிய பிடிஎஃப் மட்டும் உள்ள தனி பென்டிரைவ் வைத்து, திரும்பியதும் ஃபார்மட் செய்துவிடுங்கள். வைஃபையை 'பத்து நிமிஷம் மட்டும்' இயக்கினால் இது வழி ஒன்றாகிவிடும்.

வந்த ஒட்டு ஏறுகிறதா

எந்த வழி எடுத்தாலும் இரண்டாம் கேள்வி மிச்சம் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் மாதாந்திர ஒட்டு ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய் வெளியாகிறது. இந்திய நேரப்படி அன்றிரவு 10:30, அமெரிக்கக் குளிர்காலத்தில் 11:30. ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் ஓடும் வீட்டில் தினமும் 1.5 அல்லது 2 ஜிபிதான் என்றால், நள்ளிரவு தாண்டிப் புதிய கணக்குத் தொடங்கும்போது இறக்கிவிடுவது சிக்கனம். டேட்டா மிச்சம் பிடிக்க வைஃபை செட்டிங்ஸில் மீட்டர்டு கனெக்‌ஷன் என்று வைத்திருந்தால் பெரும்பாலான அப்டேட்கள் இறங்காமல் நிற்கும். மாதத்தில் அந்த ஓர் இரவு மட்டும் அதை அணையுங்கள். அப்டேட் செட்டிங்ஸில் உள்ள டெலிவரி ஆப்டிமைசேஷனில் இணையத்தில் உள்ள பிற கணினிகளுக்குப் பகிர்வதை நிறுத்தி, வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும் என்று வையுங்கள். இரண்டு கணினி இருந்தால் ஒன்று இறக்கியதை மற்றது எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

அப்டேட்டே எதையாவது உடைத்துவிடும் என்ற பயம் பொய்யல்ல. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு சிலரின் ஃபைல்களை அழித்து, திரும்பப் பெறப்பட்டது. 2021 மார்ச்சில் மாதாந்திர ஒட்டு ஒன்றால் சில பிரிண்டர்களில் அச்சடித்தாலே நீலத் திரை வந்தது. முதலாவது மாதாந்திர ஒட்டு அல்ல, புதிய பதிப்பு. அதை இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போடுவதில் தவறில்லை. மாதாந்திர ஒட்டை ஒரு வாரம் தள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். விண்டோஸ் 35 நாள் வரை நிறுத்திவைக்க விடுகிறது. சாஸரும் பிளாஸ்டரும் அந்த 35 நாளுக்குள்ளேயே வந்துவிட்டன. ஒரு வாரமும் முழுப் பாதுகாப்பு அல்ல: 2005-இல் விண்டோஸ் 2000 கணினிகளைத் தாக்கிய ஸோட்டாப் புழு ஒட்டு வந்த ஐந்தே நாளில் வந்தது. அந்த இடைவெளியை ஃபயர்வால் தாங்க வேண்டும், எனவே அதை ஒருபோதும் அணைக்காதீர்கள். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் பழைய ஃபைல் பகிர்வு முறையான எஸ்எம்பி 1.0 டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். வான்னாக்ரை குறிவைத்தது அதைத்தான். மிகப் பழைய நெட்வொர்க் ஸ்கேனர் வைத்திருப்பவருக்கு மட்டும் அதனால் இடைஞ்சல் வரலாம்.

ஏறாமல் தோற்பதற்கு முதல் காரணம் சி டிரைவில் இடமின்மை. 10 ஜிபியாவது காலி வையுங்கள். 80070643 என்று முடியும் பிழை எண் 2024 ஜனவரியில் பரவலாக வந்தது: ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இல்லாததுதான் காரணம், கணினி கெட்டுப்போகவில்லை. ரீஸ்டார்ட் கேட்கும் அப்டேட்டை ரீஸ்டார்ட்டே கொடுத்து முடியுங்கள். வேலை முடிந்ததும் சுவரில் ஸ்விட்சை அணைக்கும் வீட்டில் ஒட்டு வாரக்கணக்கில் பாதியில் தொங்கும். நடுவில் கரண்ட் போனால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் தானாகத் திரும்பிவிடும். ஆனால் சிறிய யுபிஎஸ் தாங்கும் நேரத்துக்குள் பெரிய அப்டேட் முடியாது, மின்தடை அறிவித்த நாளில் தொடங்காதீர்கள். புதன்கிழமை காலையில் வின்வெர் எண்ணை ஒரு பார்வை பாருங்கள். போன மாத எண்ணே இருந்தால் அன்றே காரணத்தைத் தேடுங்கள்.